முடுக்கும் மாடியும்: கொழும்பின் குடியிருப்புக் கட்டட விதிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பு நகரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் துறைமுகத்தையும் கோட்டையையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். ஒல்லாந்தர் 1757இல் கட்டி முடித்த வொல்வெண்டால் தேவாலயத்தின் சுவர்கள் ஏறத்தாழ ஐந்து அடி தடிப்புடையன என்பதை வழிகாட்டி நூல்களும் கூறும். ஆனால் அத்தேவாலயம் நிற்கும் மேட்டிலிருந்து கொட்டாஞ்சேனைப் பக்கமாக இறங்கினால் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் குடியிருப்புகளைக் காணலாம். அவற்றின் சுவர் எத்தகையது, அச்சுவரை எழுப்புவதற்குச் சட்டம் யாது விதித்தது, விதித்ததை யார் நிறைவேற்றினர் என்பன பற்றி நாம் அறிந்திருப்பது சொற்பமே. மனிதன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது தேவாலயத்திலன்று, வீட்டிலேயாம். ஆதலின் வீட்டைப் பற்றிய சட்டமும் வரலாற்று மாணவனின் கவனத்துக்குரியதே.

கொழும்பின் கட்டடச் சட்டங்களை முறையாக நோக்குமிடத்து ஒன்று புலப்படும். அச்சட்டங்கள் கட்டுபவனை நோக்கிப் பேசின. குடியிருப்பவனை நோக்கிப் பேசியது மிக அருமை. அறையின் அளவென்ன, சாளரமெங்கே, தெருவிலிருந்து எத்தனை அடி தள்ளிச் சுவர் நிற்கவேண்டும் என்று அவை கேட்டன. இவ்வளவையும் நிறைவேற்றப் பொருளில்லாதவன் எங்கே உறங்குவான் என்று அவை கேட்கவில்லை. கொட்டாஞ்சேனையின் முடுக்குகளும் வெள்ளவத்தையின் மாடிகளும் இவ்விரு கேள்விகளுக்கும் இடைப்பட்ட வெளியிலேயே எழுந்தன என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

கொழும்பு மாநகரசபை 1865ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் தோற்றுவிக்கப்பட்டு மறுவருடம் இயங்கத் தொடங்கிற்று. அக்காலத்தில் நகரம் பெருகும் வேகம் பெரிதாயிருந்தது. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. அதனையொட்டிக் கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டன. 1875இல் அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டப்பட்டுப் பத்து ஆண்டுகளில் வேலை நிறைவெய்தியது. காலித் துறைமுகத்துக்குச் சென்ற கப்பல்கள் கொழும்புக்கு வந்தன. கப்பல் வந்தால் சுமை வரும். சுமை வந்தால் சுமப்பவர் வரவேண்டும். 1871இல் ஏறத்தாழ ஒரு இலட்சமாக இருந்த நகரின் குடித்தொகை 1911இல் இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. இவ்வாறு வந்தோரிற் பலர் துறைமுகத்துக்கு நடந்து போகக்கூடிய தொலைவிலேயே தங்கினர். கொச்சிக்கடை, செட்டியார் தெரு, ஜம்பட்டா வீதி, கொட்டாஞ்சேனை என்ற பகுதிகள் இங்ஙனமே நெருங்கின.

செல்வர் வாழ்ந்த பெருவீடுகள் பல இக்காலத்தில் கைமாறின. வசதியுடையோர் கறுவாத்தோட்டத்துக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் பெயர்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற வளவுகளிலே, ஒன்றையொன்று நோக்கியவாறு இரு நிரை ஓரறை வீடுகள் எழுந்தன. நடுவே ஒரு குறுகிய நடைவழி, கடைசியிலே பொதுக் குழாயும் மலசலகூடமும். இதனைக் கொழும்புத் தமிழர் ‘முடுக்கு’ என்றனர். ‘தோட்டம்’ என்றும் வழங்கினர். பூவும் மரமுமில்லாத அவ்விடத்துக்குத் தோட்டம் என்ற பெயர் எஞ்சியது, பழைய வளவின் நினைவாற் போலும். சிங்களத்திலும் முடுக்கு என்ற சொல் நகரச் சேரியைக் குறிக்க வழங்குகின்றது. எம்மொழி எம்மொழிக்குக் கொடுத்தது என்ற ஆராய்ச்சியை மொழியியல் பயிலும் நண்பர்களிடம் விட்டுவிடுகின்றேன்.

இந்நிலையில் 1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொள்ளைநோய் கொழும்பை அடைந்தது. பம்பாயை 1896இல் வாட்டிய அதே நோய் இது. பம்பாயில் அந்நோயின் விளைவாக 1898இல் நகர மேம்பாட்டுப் பொறுப்பாட்சி மன்றமொன்று நிறுவப்பட்டு, நெருக்கமான குடியிருப்புகளை இடிக்கும் பணி பெருமளவில் நடைபெற்றது. காற்றும் வெளிச்சமும் இல்லாமையே நோய்க்குக் காரணம் என்ற நம்பிக்கை அப்பணியின் அடிப்படையாக இருந்தது. கொழும்பிலும் கண்கள் முதலில் முடுக்கின்மீதே விழுந்தன.

இங்கு ஒரு சுவையான செய்தியைக் குறிப்பிடாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. கொழும்பு மாநகரசபையின் நுண்ணுயிரியல் வல்லுநராக விளங்கிய பேபியன் ஹர்ஸ்ட் என்பார், நகரத்து எலிகளைப் பிடித்து அவற்றின் உடலிலிருந்த தெள்ளுப்பூச்சிகளை வகைப்படுத்தினார். நகரின் பெரும்பகுதியில் எலிகளிடம் காணப்பட்டது ஒருவகைத் தெள்ளு. தானியக் களஞ்சியங்களைச் சூழ்ந்த பகுதியிற் காணப்பட்டது வேறொரு வகை. முன்னையது நோயைப் பரப்புவதில் வலிமை குன்றியது, பின்னையதே கொடியது. நோய் பெருகிய இடங்களும் பின்னையது பெருகிய இடங்களும் பொருந்தின. அதாவது, கொள்ளைநோய் முடுக்கின் இருளிலிருந்து பிறந்ததன்று; கப்பலேறி வந்த தானிய மூட்டைகளோடு புறக்கோட்டையை அண்டிய களஞ்சியங்களுக்கு வந்து, அங்கிருந்து அயல்வீடுகளுக்குப் பரவியது. ஹர்ஸ்ட் தம் வாழ்நாள் ஆய்வைப் பின்னர் 1953இல் பெருநூலாக வெளியிட்டார். நோய்க்குக் காரணம் ஏழையின் வீடா, வணிகனின் களஞ்சியமா என்ற கேள்விக்கு ஒரு சிறு பூச்சி விடை கூறிவிட்டது. எனினும் சட்டம் வீட்டை நோக்கியே சென்றது.

கொள்ளைநோய் தோன்றிய மறுவருடம், 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. நோய் ஒன்றே இச்சட்டத்தைப் பெற்றெடுத்தது என்று கொள்ளுதல் பொருந்தாது. பிரித்தானியாவில் 1890ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புச் சட்டமும் 1909ஆம் ஆண்டின் வீடமைப்பு நகரத் திட்டமிடற் சட்டமும் முன்னரே வந்துவிட்டன. அவற்றின் சாயல் இதில் உண்டு. ஆயினும் நோய் தந்த அச்சம் சட்டத்தின் நடையை விரைவுபடுத்தியிருக்கும் என்று எண்ணுவது தவறாகாது. சென்னை மாகாணத்தின் நகரத் திட்டமிடற் சட்டம் 1920இலேதான் வந்தது என்பதையும் ஒப்புநோக்கலாம்.

இச்சட்டத்தின் உட்பொருளைச் சற்று விரிவாக நோக்குவோம். வீடு கட்ட விரும்புபவன் முதலில் வரைபடத்தைச் சமர்ப்பித்து உள்ளூராட்சித் தலைவரின் அங்கீகாரம் பெறவேண்டும். அங்கீகரித்த வரைபடத்துக்கு மாறாகக் கட்டினால் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். கட்டியதை இடிக்குமாறு நீதவான் கட்டளையிடலாம். கட்டி முடித்தபின் இணக்கச் சான்றிதழ் பெற்றாலன்றி அவ்வீட்டிற் குடிபுகலாகாது. தெருவுக்குத் தெரு ‘வீதிக்கோடு’ வரையப்படும். எதிர்காலத்தில் வீதி அகலமாகும்போது எவ்வளவு நிலம் தேவைப்படும் என்பதை அக்கோடு காட்டும். கோட்டுக்கு இப்பால் புதுக் கட்டடம் எழலாகாது. மனிதர் வாழத் தகுதியற்றது எனக் காணப்பட்ட வீட்டை மூடவும் இடிக்கவும் வழியுண்டு. இன்று கொழும்பில் ஒரு காணியை வாங்குவோன் சட்டத்தரணியிடம் சென்றால், உறுதியை வாசிக்குமுன் அவர் கேட்கும் பத்திரங்களிற் சில இந்த 1915ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிள்ளைகளே. ‘சீ.ஓ.சீ. இருக்கிறதா?’ என்று வினவுபவர் நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு சொல்லை உச்சரிக்கின்றார்.

வெளிச்சத்தை அளக்கவும் ஒரு கருவி இருந்தது. பம்பாயில் வற்புறுத்தப்பட்ட 63½ பாகை விதி கொழும்பின் கட்டட விதிகளிலும் இடம்பெற்றது. சாளரத்துக்கு முன்னுள்ள திறந்த வெளியின் அடியிலிருந்து 63½ பாகையில் ஒரு கோடு மேனோக்கி வரைந்தால், எதிரேயுள்ள கட்டடம் அக்கோட்டை மீறி எழலாகாது. கணிதம் பயின்றோர் இதன் பொருளை உடனே அறிவர்: வெளி பத்தடியாயின் எதிர்ச்சுவர் இருபதடிக்கு மேற்படலாகாது. எளிய விதி, செம்மையான விதியுங்கூட. ஆனால் இரண்டு பேர்ச்சஸ் நிலத்திலே ஆறு உயிர்கள் வாழும் ஓர் இடத்தில் இவ்விதியைப் பொருத்த முயன்றால் எஞ்சுவது வெளிச்சம் மட்டுமே; வீடு எஞ்சாது.

பாட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்கொட்லாந்து நாட்டறிஞர் இதனை நன்கறிந்தவர். 1914, 1915ஆம் ஆண்டுகளில் அவர் சென்னை மாகாணத்து நகரங்களைப் பார்வையிட்டு, தஞ்சாவூர் உட்படப் பல நகரங்கள் பற்றி அறிக்கைகள் எழுதினார். நேர்கோட்டுப் பெருவீதிகளை அமைப்பதற்காகக் குடியிருப்புகளை இடித்துத் தள்ளுவதை அவர் கண்டித்தார். தேவைப்படும் இடத்தில் மட்டும் ஒன்றிரண்டு பாழ்வீடுகளை அகற்றிச் சிறு வெளிகளை உண்டாக்கி, ஏனையவற்றைப் பேணும் முறையை வலியுறுத்தினார். மருத்துவன் கத்தியைக் கையாளும் சிக்கனத்தோடு நகரத்தையும் கையாளவேண்டும் என்பது அவரது கருத்தின் சாரம். அத்தகைய மனிதர் கொழும்புக்கும் அழைக்கப்பட்டு 1921இல் ஓர் அறிக்கையை அளித்தார். கொழும்பு அவரிடமிருந்து விரும்பி ஏற்றுக்கொண்டது பூங்கா நகர் என்னும் கனவை. அது கறுவாத்தோட்டத்துக்கு நன்கு பொருந்தியது. கொட்டாஞ்சேனைக்குப் பொருந்தியிருக்கக்கூடிய சிக்கனக் கத்தி, அறிக்கைகளோடு அலுமாரிக்குச் சென்றுவிட்டது.

இதன்பின் வந்த பல ஆண்டுகளை விரைந்து கடக்கலாம். 1946ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க நகர, நாட்டுத் திட்டமிடற் கட்டளைச் சட்டம் நகரத்துக்கு அப்பாலும் திட்டமிடலை விரித்தது. 1949இல் ஆபர்குரொம்பியின் பிரதேசத் திட்டம் வெளிவந்தது. இவையெல்லாம் கடதாசியிற் கம்பீரமானவை. முடுக்கில் வாழ்ந்தவனின் நாளாந்த வாழ்வை மாற்றியது இவற்றைவிட, போர்க்காலத்தில் 1942இல் பிறந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே. அது வாடகை ஏறாமற் காத்தது. அதே வேளையில், பெறும் வாடகை கூரை ஓட்டுக்கும் போதாதென்று உரிமையாளன் திருத்தவேலையைக் கைவிடவும் ஏதுவாயிற்று. ஒரு சட்டம் வாடகைக்காரனை வெளியேற்றாதே என்றது. மற்றொரு சட்டம் அவன் இருக்கும் வீடு வாழத் தகாதது என்றது. இரண்டும் உண்மை. இரண்டுக்கும் நடுவே சுவர் ஈரமூறிக்கொண்டிருந்தது.

1973ஆம் ஆண்டு இவ்வகையில் ஒரு திருப்பமாகும். அவ்வாண்டின் முதலாம் இலக்க வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் தொகையை வரையறுத்தது. மிகையான வீடுகள் தேசிய வீடமைப்பு ஆணையாளரிடம் சென்றன. நூறு வாசல்களை வைத்திருந்த முடுக்கு முதலாளி வரலாற்றிலிருந்து மறைந்தான். வாடகைக்காரர் பலர் காலப்போக்கில் தம் அறைக்குத் தாமே உரியவராயினர். இது சிறிய சாதனையன்று. ஆனால் உரிமை மாறியபோது சுவர் மாறவில்லை. பொதுக்குழாய் பொதுக்குழாயாகவே இருந்தது. 1915இன் விதிகளால் அளந்தால் அவ்வறைகள் அன்றும் வீடுகள் அல்ல. அதே ஆண்டின் 11ஆம் இலக்கமாக மாடிமனை உரிமைச் சட்டமும் வந்தது. தரையில்லாத வீட்டுக்கும் தனி உறுதி எழுதலாம் என்ற அச்சட்டம் பின்னாளில் வெள்ளவத்தையின் முகத்தையே மாற்றப்போகின்றது என்பதை அன்று பலர் உணர்ந்திரார்.

1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகார சபை தோன்றியது. 1982ஆம் ஆண்டுத் திருத்தம் அபிவிருத்தி அனுமதிப் பத்திர முறையைக் கொண்டுவந்தது. 1986இல் திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாயின. கொழும்புக்கென எழுந்த சிந்தனை, அதிகார சபையின் பிரதேசமெனப் பிரகடனப்படுத்தப்பட்ட ஊர்களுக்கெல்லாம் இவ்வாறு பரவிற்று. அவ்விதிகளின்படி வீட்டுக்குரிய காணித்துண்டு 150 சதுர மீற்றருக்குக் குறையலாகாது. அதாவது ஏறத்தாழ ஆறு பேர்ச்சஸ்.

வியப்பு யாதெனில், அதே காலத்திலேயே அதே அரசாங்கம் இரண்டு பேர்ச்சஸில் வீடு கட்ட இடமளித்தது. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தின் நகரப் பிரிவைத் தேசிய வீடமைப்பு அதிகார சபை நடத்தியது. குடிசைப் பகுதிகள் விசேட திட்டப் பகுதிகளாகக் கொள்ளப்பட்டு, பொது ஒழுங்குவிதிகள் அவற்றுக்குத் தளர்த்தப்பட்டன. கொட்டாஞ்சேனைக்கு அயலிலுள்ள நவகம்புர போன்ற இடங்களிற் குடும்பத்துக்கு இரண்டு பேர்ச்சஸ், அதாவது ஏறத்தாழ 50 சதுர மீற்றர், அளந்து கொடுக்கப்பட்டது. இதனிலும் முக்கியமானது, விதியை எழுதிய முறை. குடியிருப்பாளர் பட்டறையிற் கூடினர். நடைவழி எவ்வளவு அகலமாயிருக்கவேண்டும், இருவீட்டுக்குப் பொதுவான சுவரை யார் கட்டுவது, ஒருவர் கூரைநீர் மற்றவர் முற்றத்தில் விழலாமா, சாளரம் எப்பக்கம் திறக்கவேண்டும் என்பனவற்றை அவர்களே பேசித் தீர்மானித்தனர். அத்தீர்மானமே அவ்விடத்தின் கட்டட விதியாயிற்று. கொழும்பின் நீண்ட சட்ட வரலாற்றில், கட்டட விதி குடியிருப்பவனை விளித்துப் பேசிய வேளை இஃதொன்றே என என் அறிவுக்கு எட்டியவரை கூறத் துணிவேன். அத்திட்டத்தில் அரசியல் விளம்பரம் இருந்தது, கடன்தொகை சிறிது, குறைகள் பல. எனினும் அயலான் தன்னோடு இருந்து இயற்றிய விதியை அயலானுக்கு அஞ்சியேனும் மீறத் தயங்குவர். பரிசோதகர் ஒருவர் வரும் நாளை எண்ணியிருக்கும் விதிக்கு இவ்வலிமை இல்லை.

1989இல் அத்திட்டம் முடிந்தது. அடுத்து வந்த காலத்தின் போக்கு மேனோக்கியது. 2001இல் வனாத்தமுல்லையில் 671 வீடுகளைக் கொண்ட சஹஸ்புர தொடர்மாடி எழுந்தது. 2010க்குப் பின் நகரப் புத்துயிரூட்டல் என்ற பெயரில், முடுக்குகளிலும் தோட்டங்களிலும் வாழ்ந்தோர் மாடிகளுக்குப் பெயர்க்கப்பட்டனர். தொடக்கத்திற் கொடுக்கப்பட்ட வீடு ஏறத்தாழ 400 சதுர அடி. அவற்றிலே தனிக் குழாயுண்டு, தனி மலசலகூடமுண்டு. 1915ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றியோர் கண்டால் மகிழ்வர். தள்ளுவண்டியை எங்கே நிறுத்துவது, இடியப்பம் அவிக்கும் அடுப்பை எங்கே வைப்பது என்ற கேள்விகளுக்கு வரைபடத்தில் இடமில்லை. முடுக்கில் வீடு என்பது பாதித் தொழிற்சாலை. மாடியில் அது வெறும் வீடு.

வெள்ளவத்தையின் கதை வேறுவகையானது. ஆயினும் அதுவும் இச்சட்டத்தின் கதையே. நூற்பு நெசவாலையாற் பெயர்பெற்ற அவ்விடம், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் அளவான வளவுகளோடு அமைந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுதுவினைஞரும் ஆசிரியரும் அங்கே வாடகைக்கிருந்தனர், சிலர் வாங்கினர். அவ்வொழுங்கைகளில் 1915ஆம் ஆண்டு விதிகள் ஓரளவு நிறைவேறின என்றே கூறலாம். காணி அகலம், வீடு ஒருமாடி. விதியைக் கைக்கொள்வது கடினமாயிருக்கவில்லை. 1983 ஜூலையில் அவ்வீடுகளுட் பல தீக்கிரையாயின. பின்னர் போரின் அலைகள், சிறப்பாக 1995இல் யாழ்ப்பாணத்து இடப்பெயர்வு, முன்னிலும் பெருந்தொகையான மக்களை அதே ஒழுங்கைகளுக்குக் கொணர்ந்தன. வளவு மாடியாயிற்று. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய பணம் கொங்கிறீற்றாக உருமாறியது.

இங்கேதான் விதியின் மற்றொரு வலுவின்மை வெளிப்பட்டது. மாடிமனைக்குத் தனி உறுதி வேண்டுமாயின் மாடிமனை வரைபடம் பதிவாகவேண்டும். அது பதிவாவதற்கு இணக்கச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்குக் கட்டடம் அங்கீகரித்த வரைபடத்தோடு ஒத்திருக்கவேண்டும். ஒரு மாடியை மிகையாக எழுப்பிய, அல்லது வாகனத் தரிப்பிடத்தை அறையாக்கிய கட்டடத்தில், தவறு செய்தவன் கட்டி விற்றவன். தண்டனை பெறுபவன் வாங்கியவன். ஊரிற் காணியை விற்று வந்த முதியவர் ஒருவர் கையில் திறப்பு இருக்கும், உறுதி இருக்காது. எங்கள் உறவினர் ஒருவர் இவ்வாறு பல ஆண்டுகள் காத்திருந்தார். ‘வீடு வாங்கினேன்’ என்று சொல்வதா ‘வீட்டில் இருக்கிறேன்’ என்று சொல்வதா என்று அவரே நகைப்பார். 2003இல் பொது வசதிகள் சபைச் சட்டம் திருத்தப்பட்டு, ஆதன முகாமைக்கென அதிகார சபையொன்று அமைந்தமை இக்குறையைக் களைய எழுந்த முயற்சிகளுள் ஒன்று.

2017 மே 18ஆம் நாள் வெள்ளவத்தை சாலமன்ட் வீதியில், சவோய் திரையரங்குக்கு அண்மையில் இருந்த பலமாடிக் கட்டடமொன்று, வேலை நடந்துகொண்டிருக்கையில் சரிந்து வீழ்ந்தது. உயிரிழப்பும் நேர்ந்தது, பலர் காயமுற்றனர். அதன்பின் சில வாரங்கள் அனுமதியற்ற கட்டடங்கள் பற்றிய பேச்சு நகரெங்கும் நிறைந்திருந்தது. 1915இல் நோய் செய்ததை 2017இல் இடிபாடு செய்தது எனலாம்: சட்டத்தை நினைவூட்டிற்று. ஒழுங்குவிதிகள் 2021இல் மீண்டும் புதுக்கி வெளியிடப்பட்டன.

கொட்டாஞ்சேனையில் எங்கள் பாட்டியார் வாழ்ந்த வீடு இன்னும் நிற்கின்றது. வீதிக்கோடு அதன் முன்னறையின் நடுவே செல்கின்றது. வரைபடத்தில் அது மெல்லிய ஒரு கோடு. எவர் வரைந்தது, எந்த ஆண்டில் வரைந்தது என்று வீட்டிலுள்ளோர் அறியார். வீதி அகலமாகவில்லை. ஆனால் கோட்டுக்கு முன்னாலுள்ள பகுதியிற் புதிதாக ஒன்றும் எழுப்பலாகாது. எழுப்ப இசைவு கிடைப்பினும், வீதிக்கு எடுக்கும் நாளில் அதற்கு நட்டஈடு கோரேன் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். ஆதலின் அறையின் பின்பாதி கொங்கிறீற்றுத் தட்டும் புதுச்சாளரமுமாய் மாறிவிட்டது. முன்பாதி பழைய சுண்ணச்சாந்துச் சுவரோடும் நாட்டோட்டுக் கூரையோடும் அப்படியே இருக்கின்றது. மழைநாட்களில் பாட்டியார் தம் சாய்மனைக் கதிரையைக் கோட்டுக்குப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்.